சட்டப் படிப்பு விண்ணப்பத்துக்கு எதைப் பற்றி எழுதுவது? செட்டிநாட்டுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் வக்கீலாக இருக்கிறேன். லண்டனில் ஒரு வருடம் எல்எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு படித்துவிட்டு வந்தவள் என்று ஊருக்குள் தெரிந்துபோனதால், ஆவணி, புரட்டாசி வந்தாலே வாட்ஸ்அப்பில் கட்டுரைகள் வந்து விழத் தொடங்கிவிடும். "அக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு வரி, கூடவே ஒரு பிடிஎஃப். சிலர் ஆச்சி என்பார்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் என்னவோ அநேகமாக அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பெர்சனல் ஸ்டேட்மென்ட் என்றால் என்ன? எல்லாச் சட்டக் கல்லூரிக்கும் இது வேண்டுமா?

வேண்டாம். நான் யார், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதி விண்ணப்பத்தோடு வைக்கிற கட்டுரை அது. இங்கேயே படிக்கப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் 2 மணி நேரம், 120 கேள்வி. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்புக்கு அந்த மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுக் கல்லூரிகளில், நம் காரைக்குடிக் கல்லூரி உட்பட, பிளஸ் டூ அல்லது டிகிரி மார்க்தான் கணக்கு. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு நிம்மதியும் உண்டு.

வெளிநாடு என்றால் கதை வேறு. அமெரிக்காவில் ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகுதான் சட்டம் படிக்க முடியும். ஜே.டி. என்ற மூன்றாண்டுப் படிப்பு அது. எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண், கல்லூரி மார்க், பரிந்துரைக் கடிதங்கள், ரெஸ்யூமே, இவற்றோடு இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றும் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் பிளஸ் டூ முடித்ததும் நேராக எல்எல்.பி. சேரலாம், அதற்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பம், அதிலும் ஒரு கட்டுரை. இங்கே சட்டம் முடித்துவிட்டு எல்எல்.எம். போகிறவர்களிடமும் பல பல்கலைக்கழகங்கள் ஒன்று கேட்கும்.

ஸ்டேட்மென்ட் என்ற சொல்லே நம்மவர்களைக் குழப்புகிறது. நம் ஊரில் ஸ்டேட்மென்ட் என்றால் ஒன்று பேங்கில் வாங்குவது, இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது. அதனாலோ என்னவோ, பாதிப் பேர் வரவு செலவுக் கணக்கு மாதிரி எழுதுகிறார்கள், மீதிப் பேர் வாக்குமூலம் மாதிரி எழுதுகிறார்கள்.

அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் ஒரே கட்டுரை போதுமா?

போதாது. அமெரிக்காவில் கேட்பது வேறு, இங்கிலாந்தில் கேட்பது வேறு.

இங்கிலாந்தில் கட்டுரையைப் படிப்பவர் அநேகமாக அந்தத் துறையில் பாடம் எடுக்கிறவர். இந்தப் பாடத்தின் மேல் உங்களுக்கு என்ன ஆர்வம், அதற்காக என்ன படித்தீர்கள், என்ன யோசித்தீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் இதை மூன்று கேள்விகளாகவே பிரித்துவிட்டது: இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது உங்களை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தாலும் போவது ஒரே கட்டுரைதான். அதனால் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் புகழ்ந்து எழுதிவிடாதீர்கள், மற்ற நாலு பேரும் படிப்பார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலும் திறந்த கேள்வி. நீங்கள் யார், எப்படி யோசிக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். ஏன் சட்டம் என்று சில இடங்களில் நேரடியாகக் கேட்பார்கள், சில இடங்களில் கேட்க மாட்டார்கள்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கல்யாணத்தில் இசைகுடிமானம் என்று ஒன்று எழுதுவார்கள். இன்ன ஊர், இன்ன கோவிலைச் சேர்ந்த இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று எழுதி வைக்கிற ஆவணம். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 2009இல். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இங்கே கல்யாணத்தை எழுத்தில் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, அரசாங்கம் கேட்காமலேயே ஒரு சமூகம் ஏன் எழுதி வைத்தது, எழுதியதால் அது ஒப்பந்தமாகிவிடுமா என்று ஒரு பெண்ணுக்குக் கேள்வி எழுந்து, ஒப்பந்தச் சட்டம் பற்றி இரண்டு மூன்று புத்தகம் தேடிப் படித்தாள் என்றால், இங்கிலாந்துக்கு அது அருமையான விஷயம். அதே பெண் அதையே அமெரிக்காவுக்கு அனுப்பினால், "சரி, இதில் நீ எங்கே?" என்று கேட்பார்கள். அவளுடைய அக்காள் கல்யாணத்தில் அந்தத் தாளை யார் எழுதுவது என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சு முற்றி, நடுவில் இவள் போய்ப் பேசி முடித்திருந்தால், அது அமெரிக்காவுக்கு.

எங்கள் பெரிய வீட்டைப் பற்றி எழுதலாமா?

எனக்கு வரும் கட்டுரைகளில் இதுதான் முதலிடம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுவர், ஆத்தங்குடித் தரைக் கல், ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற நீளம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தூணை நீங்கள் நடவில்லை, சுவரையும் நீங்கள் தேய்க்கவில்லை. அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டுரையைப் படிக்கிற ஆசிரியர் டிக்கெட் போட்டு வந்து பார்த்துக்கொள்வார். அவர் இடம் கொடுக்க வேண்டியது வீட்டுக்கு இல்லை, உங்களுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பி எழுதி அனுப்பினார். முதல் பக்கம் முழுக்க வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகிறது. இரண்டாம் பக்கத்தில் ஐயா (தாத்தா) வருகிறார், நேர்மையாக வியாபாரம் செய்கிறார், காலமாகிறார். கடைசி ஏழு வரியில்தான் இவர் எட்டிப் பார்க்கிறார், "நானும் நீதிக்காக" என்று. போன் போட்டு, "கதையில நீங்க எப்பத் தம்பி வருவீங்க?" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அப்புறம் சும்மா பேச்சு வாக்கில் வந்தது விஷயம். அந்த வீட்டு இரண்டாம் கட்டில் மழைக்கு ஒழுகுகிறது. ஓடு மாற்ற வேண்டும். பங்காளிகள் மொத்தம் முப்பது புள்ளிக்கு மேல் (எங்கள் பக்கம் கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி), பாதிப் பேர் சென்னை, மீதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா. பணம் யார் எவ்வளவு போடுவது? ஒரு பக்கத்தார், புள்ளிக்கு இவ்வளவு என்று சமமாகப் போடுவோம் என்கிறார்கள். இன்னொரு பக்கத்தார், ஐயாக்கள் நாலு பேர், நாலு கிளைக்கும் கால் கால் பங்கு, அதற்குள் நீங்கள் எத்தனை பேரோ பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். முதல் கணக்கில் ஆள் நிறைய இருக்கிற கிளைக்குச் சுமை, இரண்டாவது கணக்கில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவருக்குச் சுமை. இந்தத் தம்பிதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கணக்கு எழுதுகிறவர். இரண்டு விதமாகவும் எக்செல்லில் போட்டுப் பார்த்திருக்கிறார். தன் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) லாபமான கணக்கு எது என்று தெரிந்த பிறகும், இரண்டையும் மறைக்காமல் குழுவில் போட்டிருக்கிறார். வீட்டில் அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

"இதை ஏன் எழுதல?" என்றேன். "இது ஓடு மாத்தின கதைதானே அக்கா" என்றார்.

வாரிசுச் சட்டத்தில் அந்த ஓட்டுக் கணக்குக்குப் பெயரே உண்டு. தலைவாரியாகப் பிரிப்பதா, கிளைவாரியாகப் பிரிப்பதா என்பது வக்கீல்கள் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை போடும் விஷயம். அவருக்கு அது தெரியாது. தெரியாமலேயே அதற்குள் நின்று யோசித்திருக்கிறார், அதுவும் தன் வீட்டுக்கு எதிராகப் போகக்கூடிய இடத்தில். கட்டுரை அங்கிருந்து தொடங்கியது. வீடு அதில் இருந்தது. ஒழுகுகிற வீடாக, மூன்றே வரியில்.

வீட்டைப் பற்றி எழுதலாமா என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த வீட்டில் நீங்கள் ஏதாவது செய்திருந்தால் எழுதலாம்.

ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தார், 1942இல் எல்லாம் போய் நடந்தே வந்தார். அந்தக் கதை?

பேரப்பிள்ளையாக உங்களுக்கு அது பெரிய கதை, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் படிக்கப் போகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1930களில் நெல் விலை சரிந்தபோது கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. நிலம் போனவனுக்கும் ஒரு பேரன் இருப்பான். "எங்கள் முன்னோர் நாணயமானவர்கள், எல்லாவற்றையும் இழந்தார்கள்" என்று ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால், எதிர்த்தரப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பெட்டகத்தில் கிடந்த பழைய பேரேட்டை நீங்களே எடுத்து, அதில் ஒரு பர்மியப் பெயரைப் பார்த்து, இவர் யார், அவர் நிலம் என்ன ஆயிற்று என்று கேட்டு, வீட்டில் பதில் கிடைக்காமல் திண்டாடியிருந்தால், அதை எழுதுங்கள். ஐயாவைக் குறை சொல்லச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா என்பதுதான் விஷயம்.

அழகப்பச் செட்டியாரைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்பார்கள். கோட்டையூர்க்காரர், லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் படித்தவர், காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். சட்டத்துக்கும் பொருந்துகிறது, ஊருக்கும் பொருந்துகிறது என்று எல்லோருக்கும் கை அங்கே போய்விடுகிறது. அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. உங்கள் இரண்டு பக்கம் அவருக்குத் தேவைப்படாது.

என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவுமே நடக்கவில்லை. எதை எழுதுவேன்?

இப்படிக் கேட்கிறவர்களிடமிருந்துதான் எனக்கு நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன.

ஒரு பெண். அப்பா இல்லை, அம்மா தையல். கல்லூரி விடுமுறையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கப் போனாள். அப்பாவின் மரணத்தைப் பற்றித்தான் முதலில் எழுதியிருந்தாள். வாசித்தால் மனம் கனக்கும், ஆனால் அவள் யார் என்று தெரியாது. சோகம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

டைப் அடித்த இடத்தில் என்னதான் செய்தாய் என்று கேட்டேன். பழைய தாய்ப்பத்திரத்தைப் பார்த்துப் புதிய பத்திரத்துக்குச் சொத்து விவரம் அடிக்க வேண்டும். பத்திரத்தில் நான்கெல்லை எழுதும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: இன்னார் வீட்டுக்கும் தெற்கு, வண்டிப்பாதைக்கும் மேற்கு, இன்னார் கொல்லைக்கும் வடக்கு, புளியமரத்துக்கும் கிழக்கு, இதற்குள்பட்ட மனையிடம். இவள் அடித்துக்கொண்டே வந்தவள் புளியமரத்தில் நின்றுவிட்டாள். அந்தத் தெரு இவள் சைக்கிளில் தினம் போகிற தெரு. அங்கே புளியமரம் கிடையாது.

எழுத்தரிடம் கேட்டால், "பழசுல இருக்கறத அப்படியே அடிம்மா" என்கிறார். அடித்துக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்த மனைக்கு முன்னால் இறங்கி நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டு அப்பத்தா மரம் இருந்த இடம் என்று ஒன்றைக் காட்டுகிறார். எதிர்வீட்டுக்காரர் அங்கே இல்லை, இங்கே என்று இரண்டு முழம் தள்ளிக் காட்டுகிறார். மறுநாள் எழுத்தரிடம் போய், அளவு போட்டுச் சர்வே எண்ணோடு எழுதினால் என்ன என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, பழைய பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பேங்கில் கடன் தர மாட்டார்கள் என்று விளக்கியிருக்கிறார். அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. இரண்டு பக்கமும் நியாயமாக இருக்கும்போது என்ன செய்வது என்று அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இல்லாத ஒரு மரத்தின் மேல் ஒரு வீடு நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்பா இல்லாததும் அதில் வந்தது. விடுமுறையில் ஏன் வேலைக்குப் போனாள் என்று சொல்லும் அரை வரியில். அந்த அரை வரி, முதலில் எழுதிய முழுப் பக்கத்தைவிட என்னை அதிகம் தொட்டது.

அப்படிப்பட்ட விஷயத்தை நான் எப்படித் தேடுவது?

நான் சொல்லும் வழி கொஞ்சம் பாமரத்தனமானது. ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள், தினமும் ஒரு பக்கம், தமிழிலேயே எழுதுங்கள். நீங்கள் யாரிடமாவது "அது எப்படி நியாயமாகும்?" என்று கேட்ட நேரங்கள். மனம் மாறிய நேரங்கள். இரண்டு பேர் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நேரங்கள். யாருக்காவது ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்தது, ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், கோவில் திருவிழாக் கமிட்டியில் பேசியது. நீதி, சமூகம், லட்சியம் போன்ற சொற்களை அந்த நோட்டில் எழுதவே கூடாது, அது ஒன்றுதான் விதி.

பத்து நாள் கழித்து ஒரு சிநேகிதியிடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லுங்கள். எதைச் சொல்லும்போது உங்கள் கை தானாக ஆடுகிறதோ, அவள் "அப்புறம்?" என்று கேட்கிறாளோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிப் பக்கம் கல் பட்டறை வைத்திருப்பவரின் மகன் ஒருவர் இப்படித்தான் கண்டுபிடித்தார். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கும் கல். சூளையே கிடையாது, கையால் ஊற்றுவதால் ஒரு கல் போல் இன்னொரு கல் இருக்காது. வாங்கியவர் நிறம் மாறியிருக்கிறது என்று லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பா தொழில் சுத்தத்தைப் பற்றிக் கத்துகிறார். மகன் மட்டும், "மாதிரிக் கல்லைக் காட்டி ஆர்டர் வாங்கினோமே, அப்படியென்றால் எவ்வளவு வித்தியாசம் வரை ஒத்துக்கொண்டதாக அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியை வைத்தே இரண்டு பக்கம் எழுதிவிட்டார்.

ஏன் சட்டம் என்று கட்டாயம் சொல்ல வேண்டுமா?

கேட்டிருந்தால் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் படிக்கிறவருக்கு அது தானாகத் தெரிய வேண்டும். புளியமரப் பெண் அந்த வார்த்தையையே கட்டுரையில் எழுதவில்லை. சின்ன வயதில் கறுப்புக் கோட்டைப் பார்த்து ஆசைப்பட்டேன், சினிமாவில் கோர்ட் சீன் பார்த்தேன், நான் நன்றாக வாதாடுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள், இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டிலேயே பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. அதை எழுதலாமா?

செட்டிநாட்டில் இது இல்லாத தெரு உண்டா? எழுதலாம், ஆனால் கவனம். வழக்கு நிலுவையில் இருந்தால் யார் சரி, யார் தப்பு என்று நீங்கள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சித்தப்பாவைத் திருடன் என்று எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வழக்கால் வீட்டில் பேச்சு எப்படி மாறியது, நீங்கள் எதைப் புரிந்துகொண்டீர்கள் என்றால் சரி. பெயர்கள் வேண்டாம். உங்கள் வக்கீல் ரகசியமாகச் சொன்ன எதுவும் வேண்டாம்.

குடும்பக் கஷ்டம், சாதிப் பாகுபாடு, நோய் இதையெல்லாம் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டியதில்லை. பல அமெரிக்கக் கல்லூரிகள் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டோடு இன்னொரு சின்னக் கட்டுரையும் கேட்கின்றன அல்லது அனுமதிக்கின்றன: உங்கள் பின்னணி, அனுபவம், பார்வை பற்றி. 2023 ஜூனில் அங்கே உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தை ஒரு அளவுகோலாக வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு பல கல்லூரிகள் இந்தக் கேள்வியின் வாசகத்தையே மாற்றிவிட்டன, அதனால் போன வருட மாதிரியைப் பார்த்து எழுதாமல் இந்த வருடக் கேள்வியை எடுத்துப் படியுங்கள்.

ஆறாத புண்ணை எழுதாதீர்கள். எழுதி முடித்து மூன்று முறை படித்தும் கண் கலங்குகிறது என்றால் இந்த வருடம் அது வேண்டாம்.

அரியர் இருக்கிறது. கட்டுரையில் விளக்கலாமா?

வேண்டாம். அதற்குத் தனியாக அடெண்டம் என்று ஒரு சிறு குறிப்பு இணைக்க அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் இடம் தரும். அரைப் பக்கம் போதும். நடந்தது என்ன, இப்போது எப்படி, அவ்வளவுதான். சாக்கு வேண்டாம்.

படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து ஏழைகளுக்காக வாதாடுவேன் என்று முடித்தால் நன்றாக இருக்குமா?

உண்மையாக இருந்தால் எழுதுங்கள். அப்படி எழுதுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தோடு வந்து இங்கே வக்கீலாகப் பதிவு செய்ய, அந்தப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும், அது நடத்தும் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இது தெரியாமல், ஜே.டி. வாங்கிய மறு மாதமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாடப் போவதாக எழுதினால், விசாரிக்காமலே வாக்குக் கொடுக்கிற ஆள் என்று தெரிந்துவிடும். நான் என் முதல் கட்டுரையைக் கிட்டத்தட்ட இப்படித்தான் முடித்திருந்தேன். தொடக்கம் இதைவிட மோசம், ஒரு பெரியவரின் பொன்மொழி. ஏழு இடத்துக்கு அனுப்பினேன், இரண்டு இடத்தில் பதிலே வரவில்லை.

தமிழ்ச் சொற்களைப் போடலாமா?

இரண்டு, மூன்று போடலாம். பங்காளி என்ற சொல்லை ஒரு முறை விளக்கிவிட்டு அப்படியே விட்டுவிடலாம், அதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடையாது. வளவு, பட்டாலை, பெட்டகம், கொட்டான் என்று வரிசையாக அடுக்கினால் படிப்பவர் களைத்துப்போவார். சாப்பாட்டைப் பற்றி எழுதவே வேண்டாம். செட்டிநாடு என்ற பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் அது கோழிக் குழம்பு வழியாகத்தான் இருக்கும்.

தமிழ் வழியில் படித்தேன். என் ஆங்கிலம் சுமார்தான்.

சின்னச் சின்ன வாக்கியம் எழுதுங்கள். சுமாரான ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியவர்களுக்கு இடம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அகராதியைப் பார்த்துப் பெரிய சொல்லாகப் பொறுக்கிப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வரைவைத் தமிழில் எழுதிவிட்டு, அதை வரிக்கு வரி ஆங்கிலமாக்காமல், மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் புதிதாகச் சொல்லிப் பாருங்கள்.

ஏஐ வைத்து எழுதலாமா? காசு கொடுத்தால் எழுதித் தருகிறார்களாமே?

எழுதித் தருகிறார்கள், ஒரே கதையைப் பத்துப் பேருக்கு. யூகாஸ் ஒவ்வொரு கட்டுரையையும் தன்னிடம் இருக்கும் பழைய கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அமெரிக்க விண்ணப்பத்தில் எல்லாம் உண்மை என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். அங்கே வக்கீலாகப் பதிவு செய்யும்போது நடத்தை விசாரணை உண்டு, அப்போது இந்த விண்ணப்பத்தையே மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஏஐ பயன்படுத்துவது பற்றிக் கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறுபடுகிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், அப்படி எழுதிய கட்டுரைகளில் புளியமரம் இருப்பதில்லை, "என் கிராமத்தின் பசுமை" இருக்கிறது.

யாரிடம் காட்டலாம்?

மூன்று பேருக்கு மேல் வேண்டாம். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர், அறவே தெரியாத ஒருவர், ஆங்கிலம் திருத்த ஒருவர். அப்பச்சியிடம் காட்டினால் ஐயாவைச் சேர்க்கச் சொல்வார்.

எப்போது தொடங்க வேண்டும்?

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 கடைசி. மற்ற பெரும்பாலான இங்கிலாந்துப் படிப்புகளுக்கு ஜனவரி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) போன்ற இடங்களுக்கு எல்நாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். அமெரிக்காவில் பல கல்லூரிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் திறந்து, வர வரப் படித்து முடிவு சொல்லிக்கொண்டே போகும், அதனால் முந்துவது நல்லது. சித்திரை, வைகாசியில் நோட்டை எடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எனக்கு அனுப்பாதீர்கள், முறுக்கு சுட வேண்டும்.

எழுதி முடித்த பிறகு விஷயமே தப்பு என்று தோன்றுகிறதே?

பெரும்பாலும் தப்பு விஷயத்தில் இல்லை, இரண்டாம் பக்கத்தில்தான் கட்டுரை ஆரம்பித்திருக்கும். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

பெயரை எப்படி எழுதுவது? எனக்கு இனிஷியல் மட்டுமே நாலு இருக்கிறதே.

இது கட்டுரைக் கேள்வி இல்லைதான், ஆனால் வருடத்துக்கு ஒருவராவது இதில் மாட்டுகிறார். நம் பக்கம் ஐயா பெயர், அப்பச்சி பெயர், வீட்டு விலாசம் எல்லாம் சேர்ந்து பெயருக்கு முன்னால் ஒரு ரயிலே நிற்கும். அங்கே கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டுதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், தேர்வுப் பதிவிலும் விண்ணப்பத்திலும் போடுங்கள். மார்க்‌ஷீட்டில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே அதே பெயர் இருக்கட்டும். போன வருடம் ஒரு தம்பியின் இரண்டாம் பக்கம் அவர் அப்பச்சி பெயரில் போய்ச் சேர்ந்துவிட்டது.